லைப்ரரியில் செர்டீ ஆதரவு: ஃபீச்சராகச் சேர்ப்பது சரி, எந்த வடிவத்தை வெளியே காட்டுவது?

இடைவெளிக்காரன்:

ரஸ்ட் மொழியில் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பராமரித்து வருகிறேன். அதற்கு ஒரே வேலைதான். எண் இடைவெளிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "இந்த எண் உள்ளே இருக்கிறதா" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லும். 5 முதல் 9, 20 முதல் 31 என்று போட்டால் உள்ளே ஒரு வெக்டரில் ஏறுவரிசையில் உட்காரும், பிறகு 8 முதல் 22 என்று மூன்றாவதைப் போட்டால் மூன்றும் ஒட்டிக்கொண்டு 5 முதல் 31 ஆகிவிடும். வெளி டிபென்டென்சி ஒன்றுகூடக் கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இதை ஃபைலில் சேமிக்க வேண்டும், ஜேசனில் அனுப்ப வேண்டும் என்று மூன்று பேர் தனித்தனியாக இஷ்யூ திறந்துவிட்டார்கள். போன வாரம் ஒருவர் பேட்ச்சே அனுப்பிவிட்டார். மொத்தம் ஆறு வரி: கார்கோ (ரஸ்ட்டின் பில்டு கருவி) ஃபைலில் செர்டீயை, அதாவது டேட்டாவை ஜேசன் போன்ற வடிவங்களுக்கு மாற்றவும் திரும்பப் படிக்கவும் உதவும் லைப்ரரியை, ஆப்ஷனல் என்று போட்டு, ஸ்ட்ரக்ட்டின் தலையில் "ஃபீச்சர் இருந்தால் மட்டும் டெரைவ் செய்" (சேமிக்கும், படிக்கும் கோடைத் தானாக உருவாக்கு) என்று ஒரு வரி. டெஸ்ட் எல்லாம் பாஸ். மெர்ஜ் பட்டன் வரை போய்க் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். வேண்டாதவருக்கு ஒரு பைட்கூடச் செலவில்லை, வேண்டியவர் ஃபீச்சரைப் போட்டுக்கொள்ளலாம். இதில் நான் கவனிக்காத ஏதாவது இருக்கிறதா?

செமிகோலன்:

மெர்ஜ் செய்துவிடுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. செர்டீயின் ட்ரெய்ட் (ஒரு டைப் என்ன செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம்) என்னுடையது இல்லை, உங்கள் ஸ்ட்ரக்ட்டும் என்னுடையது இல்லை, இரண்டையும் என் கிரேட்டில் (ரஸ்ட் பேக்கேஜில்) உட்கார்ந்துகொண்டு முடிச்சுப் போட கம்பைலர் விடாது. நான் ஒரு உறை ஸ்ட்ரக்ட் எழுதி அதற்குள் உங்கள் ஸ்ட்ரக்ட்டை வைக்க வேண்டும், அப்புறம் அந்த உறை என் கோடு முழுக்கப் பரவும். ரஸ்ட்டின் ஏபிஐ வழிகாட்டியே டேட்டா வைத்திருக்கும் டைப்புகளுக்கு இந்த ஆதரவைக் கொடுக்கச் சொல்கிறது.

பழைய_பைட்:

அவசரப்பட வேண்டாம். அந்தப் பேட்ச்சில் டெரைவ் வரி எந்த ஸ்ட்ரக்ட்டின் மேல் இருக்கிறது? உள்ளே இருக்கும் பிரைவேட் ஃபீல்டுகளின் மேலேயேவா?

இடைவெளிக்காரன்:

ஆமாம். வெளி ஸ்ட்ரக்ட்டில் ஒரே ஃபீல்டு, அது ஒரு வெக்டர். வெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்ட்ரக்ட்டில் தொடக்கம், முடிவு என்று இரண்டு ஃபீல்டு. எல்லாம் பிரைவேட்.

பழைய_பைட்:

அப்படியானால் உங்கள் கை நின்றதற்கு இரண்டு காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலாவது. உங்கள் லைப்ரரியின் உயிரே "வெக்டர் எப்போதும் ஏறுவரிசையில் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது" என்ற உறுதிதான். புதிதாக உருவாக்கினாலும் சேர்த்தாலும் நீக்கினாலும் அந்த உறுதியைக் காப்பாற்றும் ஃபங்ஷன் வழியாகத்தான் யாரும் உள்ளே வர முடியும், ஃபீல்டுகளைப் பிரைவேட்டாக வைத்ததே அதற்காகத்தானே. டெரைவ் செய்த டீசீரியலைஸ் (சேமித்ததைத் திரும்பப் படிக்கும் கோடு) அந்த வாசல் வழியாக வருவதில்லை. ஃபைலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே ஃபீல்டில் கொட்டிவிடும். யாரோ ஒருவர் ஜேசனைக் கையால் திருத்தி 40–50, 20–31, 5–9 என்று தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பிழை இல்லாமல் லோடு ஆகும். இப்போது 7 உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பைனரி சர்ச் நடுவில் இருக்கும் 20–31ஐப் பார்க்கும், 7 அதைவிடச் சின்னது என்று இடப்பக்கம் போகும், அங்கே 40–50 இருக்கும், அதைவிடவும் சின்னது, அதற்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை, "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 5–9 அங்கேயே வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேனிக் இல்லை, எரர் இல்லை, தப்பான பதில் மட்டும். இந்த பக் ரிப்போர்ட் உங்களுக்கு எப்படி வரும் தெரியுமா? "சில நேரம் தேடல் வேலை செய்வதில்லை" என்று ஒரே வரியில் வரும்.

இரண்டாவது, இது என் தலையில் விழுந்தது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு ஸ்ட்ரக்ட்டை பின்கோடு என்ற பைனரி வடிவத்தில் ஃபைலாகச் சேமித்து வந்தோம். இரண்டு ஃபீல்டும் 32 பிட் எண்: தொடக்கம், முடிவு. ஒரு நாள் நான்தான் "முடிவை வைப்பதைவிட நீளத்தை வைத்தால் கணக்கு எளிது" என்று முடிவை எடுத்துவிட்டு நீளம் என்று போட்டேன். அதுவும் 32 பிட்தான். பிரைவேட் ஃபீல்டு, வெளியே ஒரு ஃபங்ஷன்கூட மாறவில்லை, டெஸ்ட் பாஸ், கோடு ரிவ்யூவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பின்கோடு ஃபீல்டு பெயரை எழுதாது, மதிப்புகளை வரிசையாக எழுதும், அவ்வளவுதான். பழைய ஃபைலில் 5, 9 என்று இருந்ததைப் புதிய கோடு "5இல் தொடங்கி 9 நீளம்" என்று படித்தது. அதாவது 5 முதல் 14. இரண்டு நாள் ஓடிய பிறகுதான் கண்டுபிடித்தோம், அதற்குள் தப்பான டேட்டாவைப் புதிய வடிவத்திலேயே திரும்பச் சேமித்தும் ஆகிவிட்டது. ஜேசனாக இருந்திருந்தால் "நீளம் என்ற ஃபீல்டைக் காணோம்" என்று முதல் ஃபைலிலேயே கத்தியிருக்கும்.

ஆக, ஃபீச்சரைப் போடுவதும் விடுவதும் பயன்படுத்துபவர் இஷ்டம். ஆனால் ஒரே ஒருவர் போட்டு ஒரு ஃபைலைச் சேமித்துவிட்டால், உங்கள் பிரைவேட் ஃபீல்டின் பெயரும் வரிசையும் அந்த நிமிடத்திலிருந்து பப்ளிக் ஏபிஐ.

இடைவெளிக்காரன்:

அடுத்த வெர்ஷனில் முடிவை எடுத்துவிட்டு நீளம் வைக்கலாம் என்று ஒரு பிராஞ்ச் வைத்திருக்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பழைய_பைட்:

:)

நிலா_கம்பைலர்:

எனக்கு வேறு கருத்து. சேர்க்கவே வேண்டாம். உங்களிடம் இட்டரேட்டர் இருக்கிறது, இட்டரேட்டரிலிருந்து திரும்பக் கட்டும் ஃபங்ஷனும் இருக்கிறது. சேமிக்க வேண்டியவர் ஜோடிகளின் வெக்டராக மாற்றிச் சேமிக்கட்டும், படிக்கும்போது திரும்பக் கட்டட்டும். இரண்டு வரி. அதற்காக ஒரு டிபென்டென்சியை ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்?

ஆப்ஷனல் என்கிறீர்கள். கார்கோ ஒரு பில்டுக்குள் ஃபீச்சர்களை ஒன்றாகக் கூட்டித்தான் கம்பைல் செய்கிறது. டிபென்டென்சி மரத்தில் எங்கோ அடியில் ஒரு கிரேட் உங்கள் செர்டீ ஃபீச்சரைப் போட்டால் போதும், அதே மரத்தில் அதை விரும்பாதவருக்கும் சேர்ந்து வரும். டெரைவ் என்றால் ப்ரொசீஜரல் மேக்ரோ (கம்பைல் நேரத்தில் கோடு எழுதும் கோடு), அதற்கு ரஸ்ட் கோடைப் படிக்கும் சின் கிரேட், அதற்குக் கம்பைல் நேரம். அந்த நேரத்தைக் குறைக்கத்தான் 2023இல் செர்டீ டெரைவில் முன்பே கம்பைல் செய்த பைனரியை வைத்து வெளியிட்டார்கள், சோர்ஸ் இல்லாத பைனரி எப்படி வரலாம் என்று பெரிய சண்டையாகி அதே ஆண்டில் திரும்ப எடுத்தார்கள். மறந்துவிட்டதா?

இன்னொன்று. செர்டீக்கு முன்னால் ரஸ்ட்சி சீரியலைஸ் என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு எல்லா லைப்ரரியும் அதற்கு ஒரு ஃபீச்சர் வைத்திருந்தன. அது கைவிடப்பட்ட பிறகும் அந்த ஃபீச்சரை எடுத்தால் யாருக்காவது உடையும் என்று ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். ஃபீச்சரைச் சேர்ப்பது மைனர் வெர்ஷன், எடுப்பது மேஜர் வெர்ஷன். உள்ளே வரும் வழி அகலம், வெளியே போகும் வழி குறுகல்.

செமிகோலன்:

இரண்டு வரி என்பது உங்கள் டைப் தனியாக நின்றால் மட்டும்தான். என்னுடைய கான்ஃபிக் ஸ்ட்ரக்ட்டில் முப்பது ஃபீல்டு இருக்கிறது, அதில் ஒன்று இந்த இடைவெளித் தொகுப்பு. அந்த ஒன்றுக்கு செர்டீ ஆதரவு இல்லாவிட்டால் மேலே இருக்கும் டெரைவ் அப்படியே நின்றுவிடும். அந்த ஃபீல்டின் மேல் "வித்" அட்ரிபியூட் போட்டு ஒரு மாட்யூல் எழுதலாம், சரி. வெக்டருக்குள் ஆப்ஷன், அதற்குள் இந்த டைப் என்றால் அந்த மாட்யூலும் பற்றாது. இதையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மூன்று பேரும் இஷ்யூ திறந்திருப்பார்கள்.

பழைய_பைட்:

நிலா சொன்னதில் கம்பைல் நேரம் நியாயமான கவலை, ஆனால் இங்கே டெரைவே தேவையில்லையே. இந்த டைப்புக்குக் கையால் எழுதினாலே இருபது வரிக்குள் முடியும். சேமிக்கும்போது இட்டரேட்டரை செர்டீயின் கலெக்ட் சீக்வென்ஸிடம் கொடுத்தால் ஒரே வரி. படிக்கும்போது முதலில் ஜோடிகளின் வெக்டராகப் படி, அதை உன் சொந்த சரிபார்ப்பு ஃபங்ஷன் வழியாக உள்ளே விடு, தப்பு இருந்தால் செர்டீயின் எரராக மாற்றித் திருப்பு. (டெரைவோடுதான் இருப்பேன் என்றால் "ட்ரை ஃப்ரம்" அட்ரிபியூட் இதே வேலையைச் செய்யும்.) 2025இல் செர்டீயிலிருந்து ட்ரெய்ட்டுகளை மட்டும் செர்டீ கோர் என்று தனிக் கிரேட்டாகப் பிரித்துவிட்டார்கள், கையால் எழுதுகிறவர் அதை மட்டும் சார்ந்தால் போதும், மேக்ரோ பக்கமே போக வேண்டாம்.

இப்படி எழுதினால் இன்னொரு லாபம். உள்ளே நீங்கள் முடிவு வைத்தாலும் நீளம் வைத்தாலும், நாளைக்கு வெக்டரைத் தூக்கிவிட்டு பீட்ரீ வைத்தாலும், வெளியே போவது "தொடக்கம், முடிவு ஜோடிகளின் பட்டியல்" மட்டுமே. உங்கள் பிராஞ்சை எந்தக் கவலையும் இல்லாமல் மெர்ஜ் செய்யலாம்.

நிலா_கம்பைலர்:

டெரைவ் இல்லை, கோர் மட்டும் என்றால் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. டீஃபால்ட் ஃபீச்சர்களை அணைத்துவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் நோ எஸ்டிடி ஆட்கள் (ஸ்டாண்டர்டு லைப்ரரி இல்லாமல் எழுதுகிறவர்கள்) வந்து கதவைத் தட்டுவார்கள்.

சும்மா_படிக்கிறவன்:

நான் பைத்தான் ஆள், ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் பிக்கிள் (பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவம்) ஃபைலை நம்பாத இடத்திலிருந்து வாங்கித் திறக்கவே கூடாது என்பார்கள். இதிலும் அந்த ஆபத்து உண்டா?

பழைய_பைட்:

அந்த வகை ஆபத்து இல்லை. பிக்கிளில் "இந்த ஃபங்ஷனை இந்த ஆர்குமென்ட்டோடு கூப்பிடு" என்று டேட்டாவே சொல்ல முடியும். ஜாவாவிலும் எந்த கிளாஸை உருவாக்க வேண்டும் என்பதை வரும் பைட்டுகள்தான் தீர்மானிக்கும். 1997இல் ஜாவா 1.1உடன் வந்த அந்த வசதி 2015இல் காமன்ஸ் கலெக்ஷன்ஸ் லைப்ரரி வழியாக எவ்வளவு பேரைக் கடித்தது என்று தேடிப் பாருங்கள். டாட்நெட்டில் பைனரி ஃபார்மேட்டர் என்று ஒன்று இதே குணத்தோடு இருந்தது, 2024இல் வந்த டாட்நெட் 9இலிருந்து அதன் வேலை செய்யும் கோடையே எடுத்துவிட்டார்கள். செர்டீயில் என்ன டைப் வரும் என்பதைக் கம்பைல் நேரத்திலேயே நாம் சொல்லிவிடுகிறோம், டேட்டா அதை மாற்ற முடியாது.

வேறு தினுசு ஆபத்து உண்டு. பைனரி வடிவங்களில் பட்டியலின் நீளம் முன்னால் வரும். வெறும் சில பைட் ஃபைலில் "இதில் நானூறு கோடி இடைவெளி வருகிறது" என்று எழுதி அனுப்பலாம். அதை நம்பி முன்கூட்டியே மெமரி ஒதுக்கினால் புரோகிராம் அங்கேயே விழும். கையால் விசிட்டர் (படிக்கும் டேட்டாவை வாங்கிக்கொள்ளும் கோடு) எழுதுகிறவர்கள் இந்தக் குழியில் கால் வைப்பது சகஜம். வெக்டருக்கு செர்டீ எழுதிவைத்திருக்கும் டீசீரியலைஸ் இந்த முன் ஒதுக்கீட்டுக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால்தான் "முதலில் வெக்டராகப் படி" என்றேன்.

செமிகோலன்:

வடிவம் பற்றி ஒன்று. ஜோடி என்றால் ஜேசனில் [5, 9] என்று வரும், படிக்கிறவருக்கு 9 உள்ளே சேர்த்தியா இல்லையா என்றே தெரியாது. ரஸ்ட்டின் ரேஞ்ச் டைப்புக்கு செர்டீயில் ஏற்கெனவே ஆதரவு இருக்கிறது, ஸ்டார்ட், எண்ட் என்று பெயரோடு எழுதும். அதையே வைக்கலாமே?

பழைய_பைட்:

பெயர் வரும், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை வராது. முடிவை உள்ளே சேர்க்கும் ரேஞ்சும், சேர்க்காத ரேஞ்சும் இரண்டுமே ஸ்டார்ட், எண்ட் என்றுதான் எழுதுகின்றன. ஆயிரம் இடைவெளி இருந்தால் ஆயிரம் முறை அந்தப் பெயர்கள் வேறு. ஜோடியே போதும், 9 சேராது என்பதை டாகுமென்ட்டில் எழுதுங்கள்.

பூஜ்யம்:

தாமதமாக வருகிறேன். உங்கள் டைப் ஜெனெரிக்கா? எந்த எண் டைப்பையும் ஏற்குமா?

இடைவெளிக்காரன்:

ஆமாம், முழு வரிசை உள்ள எந்த டைப்பும் சரி. ஃப்ளோட் நேரடியாக வராது, ஆனால் ஆர்டர்டு ஃப்ளோட் உறையோடு சிலர் பயன்படுத்துகிறார்கள்.

பூஜ்யம்:

அப்படியென்றால் அவர்களில் ஒருவர் "0 முதல் முடிவிலி வரை" என்று ஒரு இடைவெளி வைத்திருப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜேசனில் முடிவிலி என்று ஒரு எண்ணே கிடையாது. செர்டீ ஜேசன் அதை எரர் ஆக்காமல் நல் என்று எழுதிவிடும், திரும்பப் படிக்கும்போது "எண் எங்கே, நல் வந்திருக்கிறதே" என்று எரர். சேமிக்கும்போது சிரித்துக்கொண்டே சேமித்துவிட்டு, திறக்கும்போது கைவிரிக்கும். நான் இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

64 பிட் எண்களிலும் ஒரு விஷயம். ரஸ்ட்டிலிருந்து ரஸ்ட்டுக்குப் போனால் ஒன்றுமில்லை. அந்த ஜேசனை ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் 9007199254740991க்கு மேல் எண்கள் துல்லியமாக நிற்காது, கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ட்விட்டரே 2010இல் ஐடிகள் பெரிதாகப் போகின்றன என்று எண்ணோடு கூடவே அதை எழுத்துச் சரமாகவும் அனுப்பத் தொடங்கியது இதற்காகத்தான். நீங்கள் இதற்கு எதுவும் செய்ய வேண்டாம், எண் டைப்பைத் தேர்ந்தெடுத்தவர் பாடு. டாகுமென்ட்டில் ஒரு வரி போதும். எல்லாவற்றையும் லைப்ரரி சரிசெய்யக் கிளம்பினால் லைப்ரரி மிஞ்சாது.

அப்புறம் யாராவது "காலியாக இருந்தால் எழுதாதே" என்று ஒரு ஸ்கிப் அட்ரிபியூட் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். சேர்க்காதீர்கள். ஜேசனில் அழகாக இருக்கும். பின்கோடு, போஸ்ட்கார்டு மாதிரி ஃபீல்டு பெயரே இல்லாத வடிவங்களில் ஒரு ஃபீல்டு காணாமல் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் பைட்டுகள் எல்லாம் ஒரு இடம் தள்ளிப் படிக்கப்படும்.

நிலா_கம்பைலர்:

ஃபீச்சரின் பெயர் "செர்டீ" என்று மட்டும் இருக்கட்டும். "வித் செர்டீ", "யூஸ் செர்டீ" எல்லாம் வேண்டாம், வழிகாட்டியிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ரேண்டம் எண் தரும் ரேண்ட் கிரேட் "செர்டீ1" என்று வைத்திருந்து 0.9இல்தான் "செர்டீ" என்று மாற்றியது. சார்வது செர்டீ கோர் என்பதால், ஃபீச்சர் பெயரும் கிரேட் பெயரும் வேறாக இருக்கும். அதற்கு "டெப்" என்ற முன்னொட்டு வேண்டும், அது ரஸ்ட் 1.60இல் வந்தது. உங்கள் குறைந்தபட்ச ரஸ்ட் வெர்ஷன் அதற்குக் கீழே இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து கையால் எழுதிப் பார்த்தேன், டாகுமென்ட் கமென்ட்டை விட்டால் பதினெட்டு வரி. உள்ளே நீளம் வைக்கும் பிராஞ்சின் மேலேயே எழுதினேன், வெளியே ஜோடிதான் போகிறது. பேட்ச் அனுப்பியவரிடமும் இந்தப் பேச்சைக் காட்டினேன், அவரே திருத்தி அனுப்புகிறேன் என்றார், அவர் பெயரில் வருவதுதான் முறை.

ஒரு விஷயத்தில்தான் மனது இரண்டுபட்டு நிற்கிறது. வரிசை தப்பாக வந்த ஃபைலை என்ன செய்வது? என் சாதாரண கன்ஸ்ட்ரக்டர் எதைப் போட்டாலும் வரிசைப்படுத்தி ஒட்டிவிடும். அதே வழியில் விட்டால் 40–50, 20–31, 5–9 என்று வந்தாலும் சரியாகிவிடும், யாருக்கும் எரர் வராது. எரர் கொடுக்க வேண்டுமா, சரிசெய்துகொள்ள வேண்டுமா?

செமிகோலன்:

சரிசெய்யுங்கள். கையால் கான்ஃபிக் எழுதுகிறவர் வரிசை பார்த்தா எழுதுவார்?

பழைய_பைட்:

நான் எரர் பக்கம். இந்த லைப்ரரி எழுதிய ஃபைலில் வரிசை தப்பவே முடியாது. தப்பியிருந்தால் ஃபைல் கெட்டிருக்கிறது, அல்லது வேறு ஏதோ ஃபைலைத் திறந்திருக்கிறோம். அதைச் சரிசெய்து விழுங்கினால் என் கதையில் நடந்ததுதான் நடக்கும்.

பூஜ்யம்:

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். தொடக்கத்தைவிட முடிவு சின்னதாக இருந்தால், 9 முதல் 5 என்று வந்தால், அதற்கு அர்த்தமே இல்லை, எரர் கொடுங்கள். வரிசை மாறியதற்கு அர்த்தம் இருக்கிறது, சரிசெய்யலாம். இன்று எரர் கொடுத்துவிட்டு நாளை தளர்த்தினால் யாரும் கோபப்பட மாட்டார்கள், இன்று ஏற்றுக்கொண்டு நாளை எரர் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் எல்லாம் உடையும். அதனால் எனக்குச் சரிசெய்வது பிடித்தாலும், முதல் வெர்ஷனில் எரர் என்றே வையுங்கள்.

செமிகோலன்:

இது நியாயம். ஆனால் எரரில் எத்தனையாவது இடைவெளி என்று சொல்லட்டும். "தவறான டேட்டா" என்று மட்டும் சொல்லும் லைப்ரரிகள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

நிலா_கம்பைலர்:

டெஸ்ட்டில் எழுதிப் படித்து ஒப்பிடுவது மட்டும் போதாது. பழைய_பைட் கதையில் அது பாஸ் ஆகத்தானே செய்தது, எழுதுவதும் படிப்பதும் ஒன்றாகச் சேர்ந்து மாறிவிட்டதே. இன்றைக்கு எழுதிய ஒரு ஜேசனையும் ஒரு பின்கோடு பைட் வரிசையையும் ரெப்போவில் போட்டு, அதை என்றைக்கும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். சிஐயில் (தானாக டெஸ்ட் ஓடும் இடத்தில்) ஃபீச்சர் இல்லாமலும் இருந்தும் இரண்டு முறை ஓடட்டும். ரஸ்ட் டாகுமென்ட் தளமான டாக்ஸ் டாட் ஆர்எஸ்ஸில் எல்லா ஃபீச்சரையும் காட்டு என்று கார்கோ ஃபைலில் சொல்லாவிட்டால் டாகுமென்ட்டில் இது தெரியவே தெரியாது, நாலாவது ஆள் வந்து இஷ்யூ திறப்பார்.

இடைவெளிக்காரன்:

சரி, முதல் வெர்ஷனில் எரர், எத்தனையாவது என்ற எண்ணோடு. 5–9, 9–12 என்று தொட்டுக்கொண்டு வந்தால்? என் கட்டமைப்பு அதை 5–12 என்று ஒட்டித்தான் வைத்திருக்கும், அதனால் நாங்கள் எழுதிய ஃபைலில் அப்படி வராது. அதுவும் எரர்தானா?

பழைய_பைட்:

அதே காரணம், அதே பதில்.

இடைவெளிக்காரன்:

அப்படியே செய்துவிட்டேன். பேட்ச் அனுப்பியவரின் புதிய கமிட் இப்போதுதான் வந்தது, பார்த்தேன். சரிபார்ப்பு வழியாக வருகிறது, பழைய ஃபைல் டெஸ்ட் இருக்கிறது, எரரில் எண் இருக்கிறது. ஃபீச்சருக்கு மட்டும் "வித் செர்டீ" என்று பெயர் வைத்திருக்கிறார்.

நிலா_கம்பைலர்:

லிங்க்கைக் கொடுங்கள், ரிவ்யூவை நான் எழுதுகிறேன்.